மொட்டைமாடிச் சாவியும் ஆறு ஊசியும்

1

நம் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவிகள் மலருக்கு 'வெளிநாட்டு வாழ்க்கை' பகுதியில் இந்த வருடமும் நான்தான் எழுத வேண்டும் என்று தமிழ்ச்செல்வி போன் செய்தாள். துபாய்க்காரி முடியாது என்று சொல்லிவிட்டாளாம். சிங்கப்பூர்க்காரிக்குப் பேரன் பிறந்திருக்கிறானாம். மிச்சம் இருப்பது நான். நான் இருப்பது பெங்களூர், போளூரில் காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம் என்றேன். "அத்திப்பள்ளி செக்போஸ்ட் தாண்டிட்டா வெளிநாடுதாண்டி, எழுது" என்றாள். முப்பது வருடமாக இந்த வெளிநாட்டில் குடியிருக்கிறேன், இன்னும் பாஸ்போர்ட் எடுக்கவில்லை.

போன வருடம் இங்கே அவரைக்காய் சீசன் எப்படி இருக்கும் என்று எழுதினேன். படித்துவிட்டு நாலைந்து பேர் அவரைக்காய் கேட்டார்கள். அவ்வளவு எழுதியதில் என் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதை ஒருத்தியும் கவனிக்கவில்லை. கல்யாணம், காதுகுத்து எதற்கும் அவர் ஏன் வருவதில்லை என்று கேட்டவர்களிடம் சுகர் என்று சொல்லிவைத்திருந்தேன். சுகர் என்றால் மேற்கொண்டு கேள்வி வராது, பாகற்காய்ப் பொடிதான் வரும். சொந்தக்காரர்கள் கொடுத்தனுப்பிய பொடி இன்னும் ஒரு டப்பா நிறைய இருக்கிறது. வேண்டுகிறவர்கள் சொல்லி அனுப்பினால் திருப்பித் தருகிறேன். அவருக்கு சுகர் கிடையாது.

அவருக்கு வந்தது டிப்ரஷன். தமிழில் மனச்சோர்வு என்கிறார்கள். சோர்வு என்றால் சூடாக ஒரு காபி குடித்தால் போய்விடும் போல இருக்கிறது. அதனால் அந்த வார்த்தை எனக்கு வேண்டாம். அதற்கு அவருக்கு ஒரு வைத்தியம் செய்தோம். அதைத்தான் இந்த வருடம் எழுதப்போகிறேன். எழுதியதை அவரிடம் காட்டினேன். ஒரே ஒரு இடத்தில் திருத்தம் சொன்னார். அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

2

அவர் பெயர் ஏகாம்பரம், அவரும் போளூர்ப் பக்கம்தான். கல்யாணமான புதிதில் ஒக்கலிபுரத்தில் அவருடைய அக்கா வீட்டு முன்னறையில் இருந்தோம். ரயில் போகும்போது பேச்சை நிறுத்திவிட்டு, போன பிறகு விட்ட இடத்திலிருந்து பேசுவோம். அப்புறம் எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை கிடைத்து ஹெப்பகோடிக்கு வந்தோம். இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அடிக்கிற பெரிய மிஷினுக்கு பிரஸ் என்று பெயர். அது அடித்துத் தள்ளுகிற பீஸ்களைப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று பிரிப்பது இவர் வேலை. கையில் கேஜ் என்று ஒரு இரும்புக் குச்சி இருக்கும். அதன் ஒரு முனை பீஸின் ஓட்டைக்குள் நுழைய வேண்டும், அது கோ பக்கம். மறுமுனை நுழையக் கூடாது, அது நோ-கோ பக்கம். அப்படி இருந்தால் நல்ல பீஸ். இல்லாவிட்டால் சிவப்புத் தொட்டி.

அந்த புத்தி வீட்டுக்கும் வந்தது. இட்லித் தட்டைத் திறந்தால், இந்த ஈட்டில் ஓரத்து இட்லி இரண்டும் கனம் பத்தாது என்பார். தின்னத்தானே போகிறீர்கள், ஆணியா அடிக்கப்போகிறீர்கள் என்பேன். இப்படியே நல்லபடியாகச் சண்டை போட்டுக்கொண்டு இருந்தோம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் கம்பெனியில் கேமரா வைத்த மிஷின் ஒன்று வந்தது. பீஸை அதுவே பார்க்கும், அதுவே பிரிக்கும், டீ குடிக்கப் போகாது. இவருக்கு விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். விருப்பம் அவர்களுடையது. சால்வை போட்டு ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள். வந்து ஹால் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். முதலில் பேப்பர் படித்தார். பிறகு பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு பேப்பரும் இல்லை. இட்லி எப்படி இருந்தாலும் ஒன்றும் சொல்லாமல் தின்றார். எனக்கு அதுதான் முதலில் பயமாக இருந்தது.

ஒருநாள் சாயங்காலம் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கைப்பிடிச் சுவரோரம் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன அங்கே என்று கேட்டேன்.

"எவ்ளோ ஒசரம் இருக்கும்னு பாத்துக்கினு இருந்தேன்" என்றார்.

பீஸின் அளவு சொல்கிற அதே குரல். இந்தத் துணியைக் கொஞ்சம் பிடியுங்கள் என்றேன். பிடித்தார். கீழே வந்தோம். மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினேன். சாவிக்கு வளையம் கிடையாது, ஒரு இரும்பு வாஷரில்தான் கோத்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிவப்புத் தொட்டியில் விழுந்த வாஷர் ஒன்றை சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கிவந்து கொடுத்தார், வீட்டுக்கு ஆகும் என்று.

அன்றிலிருந்து குளிக்கும்போதுகூட சாவி என்னோடுதான். எங்கள் வீட்டு மேல்தளத்தில் கிரிஜா குடும்பம் வாடகைக்கு இருக்கிறது, ராய்ச்சூர்க்காரர்கள். துணி காயப்போட "ஆண்ட்டி, கீ கொடி" என்று கன்னடத்தில் சாவி கேட்பாள். சாவியைக் கொடுக்காமல் நானே கூடப் போய்த் திறந்து, அவள் காயப்போட்டு முடிக்கும்வரை நின்று, பூட்டிக்கொண்டு வருவேன். குரங்கு வருகிறது என்று காரணம் சொன்னேன். பன்னேர்கட்டாவிலிருந்து குரங்கு வருவது உண்மைதான், ஆனால் பூட்டைப் பார்த்துத் திரும்பிப் போகிற குரங்கை நான் பார்த்ததில்லை. மாடிக்குக்கூடக் காவல் காக்கிற கஞ்சப் பிசினாறி என்று தெருவில் பேர் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

3

போளூரில் என் சித்தப்பா ஒருவர் இப்படித்தான் உட்கார்ந்தார். அவர் பெயரை எழுதினால் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். நெல் மண்டியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன் ஒருநாள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. வீட்டுக்குள் மூலையில் உட்கார்ந்து பேச்சை நிறுத்திவிட்டார். அந்த நிலைமைக்கு நம் ஊரில் அப்போது பெயர் இல்லை, அதனால் சாமி என்று பெயர் வைத்தோம். வெள்ளிக்கிழமையானால் எலுமிச்சம்பழத்தோடு ஆள் வரும். அவர் எத்தனை விரலைத் தூக்குகிறார் என்று பார்த்து லாட்டரிச் சீட்டு வாங்கினார்கள். ஒருத்தனுக்கு விழுந்தும் விட்டது. அதற்கப்புறம் அவரை எழுப்ப வேண்டும் என்று வீட்டில்கூட யாருக்கும் தோன்றவில்லை. அப்படியே இருந்து அப்படியே போனார். சமாதிக்கு டைல்ஸ் போட்டிருக்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த எலுமிச்சம்பழம்தான் ஞாபகம் வந்தது. இங்கே யாரும் பழத்தோடு வரவில்லை என்பது ஒரு ஆறுதல். பெங்களூரில் எல்லாருக்கும் அவசரம்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். என் நாத்தனார் சொல்லி மந்திரித்துத் தாயத்துக் கட்டினோம். பக்கத்து டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரையில் தூக்கம் வந்தது, பசி வந்தது, உடம்பில் சதை வந்தது. அவர் வரவில்லை.

4

எங்களுக்கு ஒரே பையன், தினேஷ். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. வீட்டிலிருந்து ஆபீஸுக்கு ஷேர் ஆட்டோவில் போய்விடலாம். ஆனாலும் பி.ஜி. என்கிற ஹாஸ்டலில் தங்கியிருக்கிறான். ஸ்பேஸ் வேண்டுமாம். நாங்கள் அவனுக்கென்று ஒரு அறை கட்டினோம், அதில் ஸ்பேஸ் இல்லையாம். பி.ஜி.யில் ஒரு அறையில் மூன்று பேர். ஞாயிற்றுக்கிழமை துணி மூட்டையோடு வருவான், சாப்பிடுவான், போனைப் பார்ப்பான், போவான். அப்பாவிடம் "ஹவ் ஆர் யூ பா" என்பான். அவர் "ம்" என்பார். அதோடு அந்த வாரம் முடிந்தது.

மாடி விஷயத்தை அவனிடம் ரொம்ப நாள் சொல்லவில்லை. சொன்ன அன்றைக்கு அழுதான். அவன் அழுது பார்த்தது பத்தாவது பரீட்சைக்கு அப்புறம் அன்றைக்குத்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை துணி மூட்டை இல்லாமல், குடுமி போட்ட ஒரு சிநேகிதனோடு வந்தான்.

அந்தப் பையனுக்குத் தெரிந்தவர்கள் கனகபுரா ரோட்டில் ஒரு தோட்டத்தில் வாரக் கடைசியில் கூடுகிறார்களாம். ஏதோ ஒரு வகைக் காளான். தின்றால் மனசு திறந்துகொள்ளும், உள்ளே அடைத்து வைத்ததெல்லாம் வெளியே வந்துவிடும், பத்து வருடத்துத் துக்கம் ஒரே ராத்திரியில் போனவர்கள் இருக்கிறார்கள் என்றான். நல்ல பையன்தான். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்து, சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, என் வீட்டுக்காரரிடம் குனிந்து, உங்கள் இன்டென்ஷன் என்ன அங்கிள் என்று மெதுவாகக் கேட்டான்.

"இப்டியே உக்காந்துக்கினு இருக்கறதுதான்" என்றார் இவர்.

டாக்டர் யாராவது கூட இருப்பாரா என்று நான் கேட்டேன். கைடு இருப்பார் என்றான். போலீஸ் பிடிக்காதா என்றேன். இது இயற்கை, ஆண்ட்டி, பிளான்ட் மெடிசின் என்றான். எங்கள் ஊரில் ஊமத்தையும் பிளான்ட்தான் தம்பி என்றேன். பஜ்ஜி போட்டுக் கொடுத்து அனுப்பிவைத்தேன். போகும்போது என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். தினேஷுக்கு என் மேல் கோபம். இந்த வீட்டில் யாருக்கும் ஓப்பன் மைன்ட் இல்லை என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போனான். மூன்றாம் நாள் அவனே போன் செய்து, இதே மாதிரி ஒன்றை ஆஸ்பத்திரியிலேயே, சட்டப்படியே கொடுக்கிறார்கள், விசாரித்துவிட்டேன் என்றான்.

5

டாக்டர் ஒரு கன்னடத்து அம்மா, என் வயசுதான். தினேஷ் காளான் கதையையும் மறைக்காமல் சொன்னான். அந்த அம்மா முழுதும் கேட்டார். அதை வைத்து வெளிநாட்டில் ஆராய்ச்சி நடப்பது உண்மை, இங்கே அது குற்றம், இவர் சாப்பிடுகிற மாத்திரையோடு சேர்த்துத் தின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கே தெரியாது என்றார். அந்த அம்மா கொடுப்பது கெட்டமின். ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கிற மருந்து. அதையே குறைந்த அளவில் நரம்பு வழியாக ஏற்றுவார்கள். அந்தக் காளானுக்கு இது தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். மனசு ஒரே தடத்தில் போய்க்கொண்டே இருக்கிறது, அதைக் கொஞ்ச நேரம் தடம் விட்டு இறக்கும், அப்போது தெரிகிறதைப் பிறகு உட்கார்ந்து பேச வேண்டும், பேச்சுதான் பாதி வைத்தியம் என்றார். எல்லாருக்கும் கேட்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன் என்றும் சொன்னார். எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

தனியாக இருக்கும்போது மாடிச் சாவியைப் பற்றிச் சொன்னேன். நல்ல காரியம் செய்தீர்கள், இன்னும் கையிலேயே வைத்திருங்கள் என்றார். அத்தனை நாளில் அந்தச் சாவிக்காக என்னைப் பாராட்டியவர் அவர் ஒருத்தர்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கையெழுத்துப் போட வேண்டிய தாள்கள் இங்கிலீஷிலும் கன்னடத்திலும் இருந்தன. தமிழில் இல்லை. தினேஷ் படித்துப் படித்துத் தமிழில் சொன்னான். அவனுடைய தமிழ் இப்போது பி.ஜி.யில் தங்கியிருக்கிற தமிழ். "உங்க பாடிலருந்து நீங்க தனியா போய்ட்ட மாதிரி ஃபீல் ஆகலாம், ஓகேவாப்பா?" என்று கேட்டான். "ஏற்கெனவே அப்டிதான இருக்குது" என்று இவர் கையெழுத்துப் போட்டார்.

முதல் ஊசியன்று நடந்ததை நம் ஊர்க்காரர்கள்தான் புரிந்துகொள்ள முடியும். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். சாப்பிடவில்லை. படுக்க வைத்து, கையில் பிரஷர் பட்டை கட்டும்போது நர்ஸ் பெண் சிரித்துக்கொண்டே "திண்டி ஆய்த்தா?" என்று கேட்டாள். டிபன் ஆச்சா என்று அர்த்தம். இங்கே அது ஒரு வணக்கம் மாதிரி. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் "ஆய்த்து" என்றுதான் சொல்ல வேண்டும். ஆகவில்லை என்றால், கேட்டவர்கள் பாவம், டிபன் போட வேண்டியிருக்கும். முப்பது வருடப் பழக்கம், இவர் "ஆய்த்து" என்றார். அந்தப் பெண் பட்டையை அவிழ்த்துவிட்டாள்.

நான் விடவில்லை. டாக்டரிடம் போய், மரியாதைக்குச் சொன்னதம்மா, வாயில் ஒரு பருக்கை படவில்லை என்று வாதாடினேன். தினேஷும் சேர்ந்து வாதாடினான். டாக்டர் சிரித்துவிட்டார். சரி, நம்புகிறேன், ஒன்றுமே சாப்பிடவில்லைதானே என்று கடைசியாக ஒரு வார்த்தை கேட்டார்.

"இல்லவே இல்ல மேடம். காபி மட்டுந்தான்" என்றேன்.

பால் ஊற்றின காபி, பெரிய டம்ளரில். நம் வீட்டில் கிருத்திகை விரதத்துக்கே காபி கணக்கில் சேராது. ஆஸ்பத்திரியில் சேருமாம். ஜெயித்த கேஸைத் தோற்று, ஒரு வாரம் கழித்து வரச் சொல்லி அனுப்பினார்கள். வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மற்றவர்களுக்கு அது ஒரு வாரம். எனக்கு இன்னொரு வாரம் ராத்திரியும் பகலும் காதைத் தீட்டிக்கொண்டு கிடக்க வேண்டும். இவர் என்னைப் பார்த்து, காபி நன்றாகத்தான் இருந்தது என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார் என்று இப்போது தோன்றுகிறது.

6

அடுத்த வாரம் காபி இல்லாமல் போனோம். சாய்வு நாற்காலி, கண்ணுக்குக் கட்ட ஒரு பட்டை, காதில் ஹெட்போன். கூட உட்கார்ந்து பேச சஹானா என்று ஒரு சின்னப் பெண், சைக்காலஜிஸ்ட், அவளும் கன்னடம். நானும் ஒரு மூலையில் உட்காரலாம், ஆனால் பேசக் கூடாது, தொடக் கூடாது, அவர் அழுதாலும் போய்த் துடைக்கக் கூடாது என்றாள். வாயை மூடிக்கொண்டு கணவன் பக்கத்தில் உட்கார நான் எங்கேயும் பயிற்சி எடுத்ததில்லை. முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஹெட்போனில் கடல் அலையும் புல்லாங்குழலும். முடிந்ததும் பஸ்ஸில் கடைசி சீட்டில் திருவண்ணாமலை போன மாதிரி இருந்தது என்றார். வாந்தி எடுத்தார். இரண்டாவது தடவையும் அதே அலை, அதே வாந்தி. உங்கள் மனசுக்கு அமைதியாக இருக்கிற சத்தம் ஏதாவது இருக்கிறதா என்று சஹானா கேட்டாள். "பிரஸ் ஓடுற சத்தம்" என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். வாழ்க்கையில் அவர் ஜோக் அடித்ததில்லை என்று சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தினேஷ் துணி மூட்டையை வைத்த கையோடு லேப்டாப்பைத் திறந்தான். மிஷின் ஓடுகிற சத்தத்தை, மணிக்கணக்காக, தூங்குவதற்கென்றே யாரோ பதிந்து போட்டிருக்கிறார்கள். உலகத்தில் எல்லாம் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினான். இது நூறு டன் பிரஸ், நம்மளுது இல்லை என்றார். அடுத்தது, இதுக்கு பேரிங் போயிருக்குது என்றார். அதற்கடுத்தது, இவன் எண்ணெயே போடுறது இல்ல போல என்றார். பையன் சலிக்காமல் தேடினான். மத்தியானம் ஆரம்பித்தது விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் முடிந்தது. நடுவில் நான் சுட்டு வைத்த தோசையைக் கையில் எடுத்து, ஓரம் காயவில்லை என்று தட்டில் திரும்ப வைத்தார். நான் சமையல்கட்டுக்குள் போய் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நாள் ஆயிற்று என் தோசையைக் குறை சொல்லி.

மூன்றாவது ஊசியன்று டாக்டர் அனுமதியோடு காதில் பிரஸ் ஓடியது. ஹெட்போனுக்கு வெளியேயும் கொஞ்சம் கேட்டது, தட், தட் என்று. கொஞ்ச நேரம் கழித்து அவர் பேச ஆரம்பித்தார். கம்பெனியில் இருந்த வருடமெல்லாம் கன்னடம்தான் பேசினார். வீட்டில் பேசுவதும் பாதி அதுதான். அன்றைக்கு வந்தது சுத்தமான போளூர்ப் பேச்சு. சஹானாவுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிகிற நான் பேசக் கூடாது.

"டிரே நெறைய பீஸு. அதுல நானும் ஒரு பீஸு" என்றார். "கேஜ் வெச்சி பாக்கறாங்க. கோ சைடு உள்ள போவல. ரிஜெக்ட்டு. ஆனா செவப்புத் தொட்டில போடல. கையிலயே வெச்சிருக்காங்க. அப்டியே வெச்சிருக்காங்க."

திருத்தம் சொன்ன இடம் இதுதான். நோ-கோ பக்கம் உள்ளே போகவில்லை என்று நான் எழுதியிருந்தேன். அது போகாவிட்டால் நல்ல பீஸ் என்று அர்த்தம், கோ பக்கம்தான் போகவில்லை, சரியாக எழுது என்றார்.

பட்டைக்குக் கீழே கண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. நான் துடைக்கவில்லை. கடைசியில் தூக்கத்தில் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"வசந்தா மாடிச் சாவிய இடுப்புல வெச்சினு சுத்துறா. எனக்குத் தெரியும். நான் கேக்க மாட்டேன். கேட்டா பயந்துக்குவா."

முந்தானையைக் கடித்திருந்தேன் என்று சொன்னேனே, அது கிழிந்துவிட்டது. அவருக்குத் தெரியாது என்று நினைத்து நான் ஒளித்து வைத்திருக்கிறேன். எனக்குத் தெரிய வேண்டாம் என்று அவரும் ஒளித்து வைத்திருக்கிறார். ஒரே வீட்டில், ஒரே சாவியை, இரண்டு பேரும்.

மருந்து இறங்கிய பிறகு சஹானா கேட்கக் கேட்க எல்லாவற்றையும் கன்னடத்தில் சொன்னேன். சாவியையும் சொன்னேன். அவர் முழித்ததும், பீஸை வைத்திருந்த அந்தக் கை யாருடையது என்று அந்தப் பெண் கேட்டாள். எனக்கும் அதைத் தெரிந்துகொள்ள ஆசைதான். சாமி கையோ, அவர் அம்மா கையோ, என்னுடையதாகவும் இருக்கலாம் இல்லையா. இவர் யோசித்துப் பார்த்துவிட்டு, கிளவுஸ் போட்டிருந்தது, தெரியவில்லை என்றார்.

சாவி பற்றிப் பேசியது அவருக்கு ஞாபகம் இல்லை. நான் அப்போது சொல்லவும் இல்லை. இதைப் படிக்கக் கொடுத்தபோது அந்தப் பத்தியில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திருத்தம் ஒன்றும் சொல்லவில்லை.

7

ஆறு ஊசி முடிந்தது. ஒரே ராத்திரியில் போகும் என்று குடுமிப் பையன் சொன்னானே, அப்படியெல்லாம் போகவில்லை. நல்ல நாள் இருக்கிறது, பழைய மாதிரி நாற்காலியோடு ஒட்டிக்கொள்கிற நாளும் இருக்கிறது. மாத்திரை தொடர்கிறது. வாரம் ஒருமுறை சஹானாவிடம் போய் அந்த டிரேயைப் பற்றிப் பேசிவிட்டு வருகிறார். என்ன பேசினீர்கள் என்று கேட்டால் சொல்வதில்லை. தினேஷ் இன்னும் பி.ஜி.யில்தான் இருக்கிறான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை "ஹவ் ஆர் யூ பா" என்றால், "முழங்கால் வலிக்குது, கரென்ட் பில் கட்டிட்டியா" என்கிறார். அதற்கு அவன் பதில் சொல்லியாக வேண்டும். சாவியைப் பற்றி டாக்டரிடம் கேட்டதற்கு, அவரே கேட்கிற நாள் வரும், அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்றார்.

போன சனிக்கிழமை மத்தியானம் திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. மாடியில் எங்கள் துணியும் கிரிஜா வீட்டுத் துணியும் காய்ந்துகொண்டிருந்தன. கிரிஜா வீட்டில் யாரும் இல்லை. நான் கை நிறைய மாவோடு சமையல்கட்டில் இருந்தேன். நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. வந்து நிலைப்படியில் நின்றார்.

"மழ வருது. இடுப்புல இருக்குதே, அந்தச் சாவிய குடு" என்றார்.

முகத்தைப் பார்த்தேன். முப்பது வருடமாகப் பார்க்கிற முகம், அன்றைக்குப் பார்த்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கேட்டால் பயந்துகொள்வாள் என்று கேட்காமல் இருந்தவர் கேட்கிறார். அது ஒன்றுதான் தெரிந்தது. மாவுக் கையோடு எடுத்துக் கொடுத்தேன். வாஷரெல்லாம் மாவு. துடைக்கச் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனார்.

நான் மாடிப்படிக்குக் கீழே போய் நின்றேன். கூடப் போகக் கால் எழுந்தது. போகவில்லை. பூட்டுத் திறக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. துணி எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும், அதைவிட அதிக நேரம் ஆனது. தூறல் விழ ஆரம்பித்தது. மாவு கையில் காய்ந்து இறுகியது. போளூர் மாரியம்மாளைக் கூப்பிட்டேன், இங்கே இருக்கிற மாரியம்மாளையும் கூப்பிட்டேன், யாருக்குக் கிட்டேயோ அவள் வரட்டும் என்று.

அவர் இறங்கி வந்தார். ஒரு தோளில் எங்கள் துணி, இன்னொரு தோளில் கிரிஜா வீட்டுத் துணி, கையில் தனியாக இரண்டு பாவாடை. இது இரண்டும் காயவில்லை, அதனால்தான் பிரித்து எடுத்தேன் என்றார். ஒவ்வொரு துணியாகத் தொட்டுப் பார்த்திருக்கிறார், மழையில் நின்று. எனக்குத் திட்ட வாய் வந்தது, அழுகையும் வந்தது. மாவுக் கையோடு அந்த இரண்டு பாவாடையையும் வாங்கிக்கொண்டேன்.

சாவியை என் கையில் வைத்தார்.

"நீயே வெச்சிக்க" என்றார். "இன்னும் கொஞ்ச நாளைக்கு."

வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். அந்த இரண்டு பாவாடையையும் ஹாலில் ஃபேனுக்கு அடியில் காயப்போட்டோம்.